மகன் வெளிநாட்டில் இருந்தால் இதய வால்வின் விலை ஏறுவது குறித்து

அனுப்புநர்:
ரா. கபாலி, பி.இ.,
பராமரிப்புப் பொறியாளர்,
துல்லியா இன்ஸ்ட்ருமென்ட்ஸ்,
தியாகராய நகர், சென்னை – 17.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள், சென்னை.

பொருள்: அடையாறு ஜீவதாரணி இதய மருத்துவமனை ஒரே அறுவை சிகிச்சைக்கு இரண்டு விலை சொல்வது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 12.9.1996 வியாழக்கிழமை, காலை 10.40 மணி. மேற்படி மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் என் தாயார் திருமதி சூடாமணியிடம் கேட்கப்பட்ட கேள்விகள் நான்கு. அவற்றில் நோயைப் பற்றியவை பூஜ்யம். நான்காவது கேள்வி: "ஃபாரின்ல யாராவது இருக்காங்களா மேடம்?"

2. என் தாயார் மயிலாப்பூரில் முப்பது ஆண்டுகள் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். இதய வால்வு சுருங்கிவிட்டதால் இப்போது ஒரு வரி பாடினால் அடுத்த வரிக்கு மூச்சு இல்லை. இரவில் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் மூச்சு வந்துவிட்டது. "மூத்தவன் நிரஞ்சன் நியூஜெர்சில இருக்கான்" என்றார். எங்கள் தெருவில் இதை யாரும் கேட்கும்வரை காத்திருப்பதுகூடக் கிடையாது, காய்கறிக்காரரிடம்கூடச் சொல்வார்கள். கவுண்டரில் இருந்த பெண் புன்னகைத்தார். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்குத் தரப்பட்டிருந்த ரூ. 1,15,000 மதிப்பீட்டை வாங்கி அடித்துவிட்டு, 'என்.ஆர்.ஐ. பேக்கேஜ்' என்று தலைப்பிட்ட புதிய காகிதத்தைக் கொடுத்தார். தொகை ரூ. 2,90,000.

3. நிர்வாக அதிகாரி திரு. ஜவஹரைப் பார்த்தேன். அவர் அறைச் சுவரில் வண்ணப் பலகை ஒன்று தொங்குகிறது. அமெரிக்கா, லண்டன், சிங்கப்பூர், கடைசியில் ஜீவதாரணி. அமெரிக்காவில் இதற்கு நாற்பதாயிரம் டாலர் ஆகிறதாம். அதோடு ஒப்பிட்டால் நாங்கள் கட்டுவது கால் பங்குகூட இல்லையாம். நன்றி சொல்லாமல் கேள்வி கேட்கிறேனே என்று அவருக்கு வருத்தம்.

4. ஒப்பிடுவதை நான் எதிர்க்கவில்லை. ஒழுங்காக ஒப்பிடச் சொல்கிறேன். அங்கே அந்தப் பில்லில் பெரும்பகுதியை இன்ஷ்யூரன்ஸ் கட்டுகிறது. இங்கே நோயாளி கட்டுகிறார். அங்கத்திய நர்ஸின் ஒரு நாள் சம்பளம், ஜீவதாரணி தன் நர்ஸுக்குத் தரும் மாதச் சம்பளத்தைவிட அதிகம். செலவு அடையாறு செலவு, விலை மட்டும் நியூயார்க் விலை என்றால் அதற்குப் பெயர் ஒப்பீடு அல்ல. இதே முறையில் லஸ் முனையில் முடி வெட்டுகிறவர் பத்து டாலர் கேட்டால் திரு. ஜவஹர் போலீஸைக் கூப்பிடுவார்.

5. இரண்டு பேக்கேஜுக்கும் வால்வு ஒரே கம்பெனியா என்று கேட்டேன். ஆம் என்றார். ஒரே சர்ஜனா? ஆம். ஒரே தியேட்டரா? ஆம். பிறகு என்னதான் வித்தியாசம் என்றேன். "ரூம்ல கேபிள் டி.வி. இருக்கு சார்" என்றார். மயக்க மருந்தில் கிடப்பவருக்கு.

6. நான் வாதாடிக்கொண்டிருந்த நாளிலேயே, அம்மாவிடம் வாங்கிய எண்ணுக்கு அவர்களே போன் போட்டு என் அண்ணனிடம் பேசியிருக்கிறார்கள். அவர் உடனே சம்மதித்துவிட்டார். பிறகு என்னிடம், "டேய், இங்க ஒரு பல்லு புடுங்கவே சொத்தை எழுதிக் கேக்கறான். இதெல்லாம் சீப்புடா" என்றார். இவர் அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் மென்பொருள்காரர். ஒப்பந்தம் முடிந்து, சம்பளம் நின்று இரண்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் செய்து அழுதபோதுதான் இதைச் சொன்னார். கையில் காசில்லாமல் ஏன் தலையாட்டினாய் என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிக்காரனிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். அம்மாவுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே தங்கள் பதிலை மேலே கண்ட அலுவலக முகவரிக்கே அனுப்பவும்.

7. திரு. ஜவஹர் தாராள மனதோடு ஒரு வழி சொன்னார். பழைய விலை வேண்டுமானால், 'வெளிநாட்டில் உள்ள என் மகன் எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை' என்று நோயாளியே கையெழுத்திட்டுத் தர வேண்டும். அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், பெயரை நிரப்பினால் போதும். இப்படி எத்தனை தாய்மார்களிடம் வாங்கினார்களோ, தாங்கள் விசாரித்தால் தெரியும்.

8. அதை அம்மாவிடம் காட்டினேன். அது என் தவறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பெத்த பிள்ளை ஒண்ணும் பண்ணலேன்னு நான் எழுதித் தரமாட்டேன். எனக்கு ஆபரேஷனே வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அறுவை சிகிச்சை 26.9.1996 அன்று. தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார்.

9. தங்கள் அலுவலகத்துக்கு இரு முறை போன் செய்தேன். தனியார் மருத்துவமனை என்ன விலை வைத்தாலும் அதைக் கேட்க விதி இல்லை என்றார் ஒருவர். மனுவை மூன்று பிரதிகளாகத் தர வேண்டும் என்பதற்கு மட்டும் விதி இருக்கிறதாம். தந்திருக்கிறேன்.

10. முதல் மதிப்பீட்டுத் தொகைக்கே சிகிச்சை செய்யும்படி 26ஆம் தேதிக்கு முன் அந்த மருத்துவமனைக்கு எழுதுங்கள். அந்த அச்சடித்த காகிதத்தை இனி எந்தத் தாயிடமும் நீட்டக்கூடாது என்றும் எழுதுங்கள். இதற்கு விதி தேவையில்லை, வெட்கம் போதும்.

தாங்கள் எதுவும் செய்யாத பட்சத்தில் நான் செய்யப்போவது:

(1) 23ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அறை வாசலில் இருப்பேன்.

(2) மேற்கு மாம்பலத்தில் எனக்கென்று பதிவு செய்த ஃப்ளாட்டை ரத்து செய்து, முன்பணத்தைத் திரும்ப வாங்கி, திரு. ஜவஹரின் நியூயார்க் விலையைக் கட்டுவேன்.

(3) அம்மா வீடு திரும்பிய மறுநாள், ரசீதோடு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்.

(4) பணம் நிரஞ்சன் அனுப்பியது என்று அம்மாவிடம் சொல்வேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்வார். சொல்லட்டும்.

சென்னை,
18.9.1996.

இப்படிக்கு,
(ஒப்பம்) ரா. கபாலி