சத்தம் போடாத வால்வு

கோபக்காரிக்கு,

நான் பஸ்ஸில் போகிறேன். பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிடாதே. சாயங்காலம் உன் அண்ணன் வந்து எஞ்சின் வால்வின் இடைவெளியைத் திரும்பச் சரியாக வைக்கிறார். எஞ்சின் ஆறிக் கிடந்தால்தான் அளவு சரியாக வருமாம். சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

முட்டை அவித்து வைத்திருக்கிறேன். என் சமையலுக்கு அதுதான் எல்லை.

“டக்டக்னு என்ன சத்தம், தெருவே திரும்பிப் பாக்குது”ன்னு நீ சொன்னாய். உடனே பெரிய மெக்கானிக் மாதிரி நானே இடைவெளியில்லாமல் வால்வை இறுக்கினேன். சத்தம் நின்றது. நேற்று சூடானதும் நடுரோட்டில் வண்டியும் நின்றது. புதுப்புடவையோடு நீ பின்னாலிருந்து தள்ளியபோது நான் சிரித்திருக்கக் கூடாது.

உன் அண்ணன் போனிலேயே என்னை வறுத்தெடுத்துவிட்டார். “மாப்ளே, வால்வு லேசா சத்தம் போடணும்யா. சத்தமே இல்லேன்னா உள்ளுக்குள்ள எரிஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம்.”

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) நேற்றிலிருந்து நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வண்டி ஞாபகம் வரவில்லை, நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நான் வந்ததும் வாய் வலிக்கத் திட்டிவிடு. தெரு திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.