ஆற்றங்கரையில் நீ ஒளித்துவைத்த டப்பா

என் செல்ல அண்ணனுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது மட்டும் எழுதிக் கிழித்தாயா என்று கேட்பாய். எழுதவில்லைதான். ஓசூரிலிருந்து வாராவாரம் நீயே போன் செய்வாய். சாப்பிட்டாயா என்பாய், அம்மா மாத்திரை போட்டாளா என்பாய், கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு "யாராவது வந்தாங்களா?" என்பாய். ஒவ்வொரு முறையும் நான் "ஒரு ஈ காக்கா வரல" என்று சொல்லிச் சிரித்தேன். இப்போது வேறு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மெடிக்கல் ஷாப்பை அரை நாள் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஊரில் நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்.

ஓசூர் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் உனக்கு ஜியோகேச்சிங் பைத்தியத்தை ஒட்டவைத்தான். யாரோ ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைப்பார்கள். அது இருக்கும் இடத்தை எண்களாக இணையத்தில் போடுவார்கள். முன்பின் தெரியாத இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய்க் கண்டுபிடிப்பார். உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. "இதுக்கா லீவு நாள்ல வெயில்ல சுத்தற?" என்று நான் கேட்டேன். நீ அதற்கும் சிரித்தாய்.

ஒரு பொங்கல் விடுமுறையில் ஆரணிக்கு வந்தபோது நீயும் ஒரு டப்பாவை ஒளித்தாய். கமண்டல நாகநதிக் கரையில், இடிந்த மோட்டார் ரூமின் சுவரில், ஆடுகிற செங்கல்லுக்குப் பின்னால். என்ன டப்பா, உள்ளே என்ன என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் போய் எடுத்தால் கணக்கில் வராதாம், வெளியாள்தான் எடுக்க வேண்டுமாம். பட்டுச்சேலை எடுக்க எத்தனை ஊர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். உன் டப்பாவைத் தேடி ஒருவர்கூட வரவில்லை. அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது.

உன் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். இந்த வருடம் அதில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நெடுநாளாக அந்த டப்பாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை, வைத்தவரும் பதில் சொல்லவில்லை, இப்படியே போனால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று. படித்ததும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? வைத்தவர் எப்படிப் பதில் சொல்வார்? ஒரே ஒரு ஆளாவது அதைக் கண்டுபிடிக்காமல் உன் பெயரை எடுக்க விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். என் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே.

ஆனால் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் ஆரணியில் யார் கிளம்புவார்கள்? நம் ஊரில் வழி என்பது காதால் கேட்பது. அதனால் எண்ணே வேண்டாம், குரலை அனுப்புவோம் என்று தோன்றியது. முதல் குரலைக் கேட்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கேள்விக்கு விடை தேடி என் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். விடை சரியென்றால் அடுத்த இடத்துக்கான குரலை அனுப்புவேன். இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் உன் செங்கல் வரும்.

முதலில் எல்லாவற்றையும் நானே பேசிப் பதிவு செய்தேன். "இங்கிருந்து வலப்புறம் திரும்பவும். சற்றுத் தொலைவு நேராகச் செல்லவும்." பெருமையாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இன்னாடி இது, ரயில் வர்றத சொல்ற மாதிரி இருக்குது," என்றாள் அம்மா.

அத்தனையையும் அழித்தேன். ஊர்க்காரர்களையே பேசவிட்டேன், ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. டீக்கடை கோதண்டம் என்ன சொன்னார் தெரியுமா? "நேரா போங்க. ஒரு செவல நாய் படுத்துகினு இருக்கும். அத்த தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க." நாய் எழுந்து போய்விட்டால் என்று கேட்டேன். "அது எங்க போவும்? என் பன்னு துன்னுட்டு அங்கதாம்மா படுக்கும்," என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

நெசவுத் தெருவில் தனலட்சுமி அக்காவைப் பிடித்தேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே பேசினார். "விசைத்தறி சத்தம் கேட்டுகினே வாங்க. அது எங்க ஓயுதோ, அங்க ஒரு சந்துல எங்க கைத்தறி சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைப் புடிச்சிகினு உள்ள வந்துடுங்க." எவ்வளவு அழகான வழி பார். கேட்டதும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

கடைசிக் குரல் உன்னுடையது அண்ணா. டப்பாவை வைத்த அன்று எனக்கு அனுப்பினாயே, அந்த வாய்ஸ் மெசேஜ். உன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் கடையில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தேவையான அளவுக்கு வெட்டினேன். ஒருவர் மாத்திரை கேட்டு வந்து நின்றிருக்கிறார், நான் அழுதுகொண்டு இருந்திருக்கிறேன். "பரவால்லம்மா, அப்பறமா வரேன்," என்று போய்விட்டார். அந்த நிலையில் எதை வெட்டினேன், எதை விட்டேன் என்று சரியாகப் பார்க்கவில்லை. முடிவில் நீ "யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா" என்று சொல்வது அப்படியே இருந்துவிட்டது. உன் ரகசியம் வெளியே போய்விட்டது, மன்னித்துக்கொள்.

நாள் குறிப்பதில்தான் என் மூளை வேலை செய்தது. நெசவுக் குடும்பங்கள் எல்லாம் வர வேண்டுமென்றால் அமாவாசைதான் தோது. அன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், வேலைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அமாவாசையும் வந்து அமைந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

அன்று காலை கடை வாசலில் நல்ல கூட்டம். புருஷன் பெண்டாட்டி ஜோடிகள், காலேஜ் பெண்கள், போளூரிலிருந்து பைக்கில் வந்த மூன்று பேர். டெய்லர் பர்வீன் அக்கா தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "இவங்க வூட்லயே இருந்து பேஜார் ஆயிட்டாங்க, நடக்கட்டும்," என்றார். மாமியார் தன் பங்குக்கு, "இவ வழி தவறிடுவா, அதான் வந்தேன்," என்றார்.

எல்லோரும் புறப்பட்டார்கள். நான் ஆற்றங்கரைக்குப் போய் மோட்டார் ரூமுக்கு எதிரில் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். கண்டுபிடிப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசை! உனக்குப் பதில் நான் பார்க்கலாம் என்றுதான்.

போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் போளூர்க்காரர்கள். "மேடம், நாய் நடந்துகினே இருக்குது, நாங்களும் பின்னாலயே போய்கினு இருக்கோம்." அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குள் அடுத்த போன். "அக்கா, ஒரு சத்தமும் கேக்கலையே, தெருவே அமைதியா இருக்குது."

தலையில் அடித்துக்கொண்டேன். நெசவாளர்கள் வர வேண்டும் என்று அமாவாசையில் வைத்தேன், தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வா என்று வழியும் சொன்னேன். கைத்தறி, விசைத்தறி எதுவும் ஓடவில்லை. பட்டுநூல் வாசனையில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா இது?

ஓடினேன். நெசவுத் தெருவில் ஒரே அமளி. ஒரு பெண் ஆடியோவைச் சத்தமாகப் போட்டிருக்கிறாள். தனலட்சுமி அக்காவின் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்கிறது அல்லவா, அதைக் கேட்டுவிட்டு ஒருவர், "இது எங்க வூட்டுத் தறி," என்றிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "உங்க தறி இப்படியா பேசும்? இது எங்களுது. மிதி ஒண்ணு லேசா இழுக்குது, கேளு." மூன்றாவது வீட்டிலும் உரிமை கொண்டாடினார்கள். ஒவ்வொருவரும் ஒரு கோஷ்டியைத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துப்போய் உட்காரவைத்து, அமாவாசை வடை பாயசத்தை இலையில் வைத்துவிட்டார்கள். காலேஜ் பெண்கள் இரண்டாவது வீட்டுப் பாயசத்தில் இருந்தார்கள். தேடுகிற எண்ணமே அவர்களிடம் இல்லை.

நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சமாதானம் சொன்னேன். எனக்கும் வடை கொடுத்தார்கள், தின்றேன்.

இந்த அமளியில் பர்வீன் அக்காவை மட்டும் காணவில்லை. அவர் தறிச் சத்தத்தைப் பற்றிக் கவலையே படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "அது தனலட்சுமி குரலாச்சே. நான்தானே அவளுக்கு ஜாக்கெட் தைக்கறேன், வூடு தெரியாதா?" என்று நேராகப் போயிருக்கிறார். அங்கே நான் கேட்டிருந்த கேள்விக்கு விடையாக, தறியில் இருந்த சேலையின் நிறத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். நானும் வடையும் கையுமாக யார் எவர் என்று பார்க்காமல் உன் குரலை அனுப்பியிருக்கிறேன்.

ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தபோது செங்கல் கீழே கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

செங்கல் இருந்த ஓட்டையில் கைவிட்டுத் துழாவினேன் அண்ணா. முகத்தைப் பார்க்கவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. டப்பாவையே காணோம். இத்தனை நாள் யாரும் தொடாமல் பத்திரமாக இருந்ததை, நானே ஊரைக் கூட்டிவந்து தொலைத்துவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் அம்மாவின் குரல்: "ஜல்தியா வூட்டுக்கு வா."

வீட்டுக் கூடத்தில் பர்வீன் அக்காவும் மாமியாரும் காபி குடித்துக்கொண்டு இருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் "ர. கமலா" என்று அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது.

நம் அடுப்படியிலிருந்து நீ எடுத்துப்போன டப்பா! ஒளித்துவைக்க உனக்கு வேறு டப்பாவா கிடைக்கவில்லை? அந்த மூடியைப் பார்த்ததும் பர்வீன் அக்காவின் மாமியாருக்கு ஒரே எண்ணம்தான். பெயர் போட்ட பாத்திரம், உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மருமகள் விதியைச் சொல்லியும் கேட்கவில்லை. "அடுத்தவங்க பாத்திரத்த செவுத்துக்குள்ள வெச்சிட்டு வர்றதா?" என்றாராம். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா? வழியில் தம் வீட்டுக்குப் போய் நிறையச் சர்க்கரை போட்டு எடுத்து வந்திருக்கிறார்.

நீ வைத்த தாளையும் பென்சிலையும் தனியே கொடுத்தார்கள். "தேடி வந்ததுக்கு தேங்க்ஸ். பேர் எழுதிட்டு இருந்த எடத்துலயே வெச்சிடுங்க. சேகர், ஆரணி." அதன் கீழே பர்வீன் அக்கா தன் பெயரையும் மாமியார் பெயரையும் எழுதியிருந்தார். வந்துவிட்டார்கள் அண்ணா. ஒருவருக்கு இருவராகவே வந்துவிட்டார்கள்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"திருட்டுப் பையன். இந்த டப்பாவுக்காக நான் எதிர்வூட்டுக்காரிகிட்ட பேசறதையே நிறுத்திட்டேன்டி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. பர்வீன் அக்காவின் மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க அம்மா உன்னைத் திட்டினாள். நீ ஏழாவதில் உடைத்த ஊறுகாய் ஜாடி வரைக்கும் திட்டினாள். அடுப்படிக்கு எழுந்து போகவே இல்லை.

இணையத்தில் உன் டப்பா கண்டுபிடிக்கப்பட்ட சேதியைப் போட்டேன். நிர்வாகிகள் மகிழ்ச்சி என்றார்கள், டப்பா இடத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். டப்பா சாமி அலமாரியில் இருந்தது. நீ கடைசியாக ஒளித்துவைத்த பொருளை அம்மாவிடமிருந்து எந்த வாயால் கேட்பேன்? கேட்கவில்லை. போனால் போகிறது, பெயரை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது பிடிவாதக்காரி நானேதான், நம்பு.

நேற்று மாலை அம்மா சர்க்கரையைக் காபி ஜாடியில் கொட்டினாள். டப்பாவைக் கழுவித் துடைத்தாள். "செருப்ப மாட்டு, போலாம்," என்றாள்.

"எங்கம்மா?"

"அவன் வெச்ச எடத்துக்குத்தான். தேடிகினு வர்றவங்க ஏமாந்து போவாங்க இல்ல?"

தாளையும் பென்சிலையும் உள்ளே வைத்தவள் மூடப்போய் நிறுத்தினாள். "இதோட இன்னா வெக்கறது? தின்றது வெச்சா எறும்பு வரும்," என்று யோசித்தாள். பிறகு வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றி உள்ளே போட்டாள். வருகிறவர்களுக்கு எதற்காவது ஆகுமாம்.

மோட்டார் ரூமில் செங்கல்லை அவளே எடுத்தாள், என்னைத் தொடவிடவில்லை. "நீயும் தாள்ல பேர் எழுதும்மா," என்றேன்.

"மூடி மேல என் பேரு இருக்குது. உள்ள அவன் எழுத்து இருக்குது. போதும்டி," என்று சொல்லி டப்பாவை உள்ளே தள்ளிவிட்டுச் செங்கல்லால் மூடினாள்.

பட்டியலில் அந்த டப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இன்று காலை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். வைத்தவர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும், அதை யாரும் தொட முடியாது. மழைக்காலம் முடியும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன், தாள் நனைந்தால் புதுத்தாள் வைப்பேன், ஊக்கு தீர்ந்தால் அம்மாவிடம் வாங்கிப் போடுவேன். வந்தவர்களின் பெயரையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பேன், இது சத்தியம்.

எந்த ரகசியமும் வாயில் தங்காத உன் தங்கச்சி,
பவானி