புத்தாண்டில் விடுதலையான நாடகம்

அட்டன் பஸ் நிலையத்தருகே வாங்கிய மெல்லிய தமிழ் நூலொன்று மேசையில் கிடக்கிறது. திறந்தால் புளித்த கோந்தும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. நீ காத்திருந்த நாடகம்தான். அட்டையில் பதிப்பாளரின் படம். எழுதியவரின் பெயர் உள்ளே, எறும்பளவில்.

நோர்வூட் தோட்டப் பள்ளியில் நீ படிப்பித்த காலத்தில் அந்த ஆங்கில நாடகத்தைத் தமிழாக்கி, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கூத்துப் பாட்டாகப் பழக்கினாய். களவுப் பழி சுமந்த ஒரு வேலைக்காரியின் கதை. பழி பொய்யென்று தெரிந்த பிறகும் துரை பெருந்தன்மையோடு "மன்னித்தேன்" என்கிறான். அவள் அந்த மன்னிப்பை வாங்க மறுக்கிறாள்.

மேடையேற்ற இலண்டனுக்கு எழுதி அனுமதி கேட்டாய். முடியாதென்று பதில் வந்தது. நாடகாசிரியர் இறந்து ஐம்பது ஆண்டு ஆகும்வரை உரிமை அவர்களுடையதாம். அவர் இறந்தது ஒரு டிசம்பர்க் கடைசியில். இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தால், ஒரு புத்தாண்டோடு அது எல்லோருக்கும் சொந்தம் என்றாய்.

தோட்டத்துக் காமன் கூத்தைப் பழக்கும் மாஸ்டர் உன்னை விடவில்லை. "மன்மதன எரிக்கிறதுக்கு நாங்க யாருக்குங்க டீச்சர் கடுதாசி போட்டோம்?"

"அது நம்ம கதைங்க மாஸ்டர். இது அடுத்தவங்க கதை. களவெடுத்த சேலையக் கட்டிக்கிட்டு ஆடச் சொல்றீங்களா?"

"ஆடப்போறதே களவுக் கேசு. அதுக்கு இம்புட்டு நாயமா!"

பெண்கள் சிரித்தார்கள். திரும்பும் வழியில், உன்னோடு அதே பள்ளியில் படிப்பித்த நானும் உன்னைப் பரிகசித்தேன். நீ சிரிக்கவில்லை. "குடியிருக்கிற லயம் கம்பனியோடது. மண்ணும் அவனோடது. பிரஜாவுரிமையப் பறிச்சு, நாடும் எங்களோடது இல்லேன்னு சட்டம் போட்டுட்டாங்க. ஒண்ணாவது நேர்மையா கைக்கு வரட்டும்டி."

சட்டத்தை நம்பாத எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. போன ஐப்பசி மழையில், காய்ச்சலில், நீ போய்விட்டாய். புத்தாண்டு அதன்பாட்டில் வந்தது. கூடவே இந்த நூலும் வந்தது.

இதில் வேலைக்காரி கடைசியில் துரையின் காலில் விழுந்து அழுகிறாள். பதிப்பாளரைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"கால்ல விழுந்தாத்தான் சனம் அழும், மிஸ். அழுதாத்தான் வாங்கும். தொரமாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"எழுதியவர் அப்படி எழுதவில்லையே?"

"செத்து அம்பது வருசம் ஆச்சுங்களே. இப்ப அது ஊர்ச் சொத்து."

பின்னட்டையைக் காட்டினேன். 'எல்லா உரிமையும் பதிப்பாளருக்கே. அனுமதியின்றி எவரும் நடிக்கக் கூடாது.'

"அது என் உழைப்புங்க," என்று பல் தெரியச் சிரித்தான். அவன் நீட்டிய பாலில்லாப் பிளேன்டீயைத் தொடாமல் எழுந்தேன். ஊர்ச் சொத்தென்று எடுத்த கையாலேயே வேலியும் போட்டவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நூல் தோட்டத்துக்கும் போயிருந்தது. புத்தாண்டோடு தொடங்கிய ஒத்திகையை நிறுத்திவிட்டு மாஸ்டர் என்னிடம் வந்தார். "ஆடுனா உள்ள போட்டுருவாங்கன்னு பொம்பளைங்க பயப்படுறாங்க மிஸ். இனி இவருகிட்டக் கேக்கணுமா?"

"அவன் கெடுத்து வைத்தது மட்டும்தான் அவனுடையது," என்றேன். "மூல நாடகத்துக்கு இனிச் சொந்தக்காரர் இல்லை. உங்கள் வாயில் இருப்பது டீச்சரின் தமிழ். அதை ஆடுங்கள்."

நேற்று மாலை, விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆடினார்கள். துரை வேடக்காரர் தொப்பியைத் தூக்கி "மன்னித்தேன்" என்றதும், வேலைக்காரியாக வந்த மாரியாயி நிமிர்ந்து நின்றாள்.

"செய்யாத குத்தத்துக்கு எதுக்குங்க மன்னிப்பு? நீங்களே வச்சுக்குங்க."

குலவைச் சத்தத்தில் அடுத்த பாட்டு கேட்கவில்லை. நீ இருந்திருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கணக்குப் பார்த்த சட்டத்துக்கு உனக்குக் குறைந்துபோன இரண்டு மாதம் ஒரு பொருட்டாகவில்லை.

கூட்டம் கலைந்தபோது அடுத்த தோட்டத்துப் பெண்ணொருத்தி என்னருகே வந்தாள். "இத எங்க பக்கம் ஆடணும்னா யாரக் கேக்கணுங்க மிஸ்?"

உன் தமிழுக்கு வாரிசென்று நீ என்னை நியமிக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "யாரையும் கேட்க வேண்டாம். தொடங்குமுன் எழுதியவர் பேரையும் டீச்சர் பேரையும் சத்தமாகச் சொல்லுங்கள். கடைசிக் காட்சியில் கை வைக்காதீர்கள்."

கேட்டு வருகிற எல்லோருக்கும் இதையே சொல்வேன்.