கல்லில் இருக்கும் ஏழாவது பெயர்

லிங்கன்ஷயர்,
9 செப்டம்பர் 1974

அன்புள்ள வால்ட்டர் கின்னியர் அவர்களுக்கு,

சுகம்தானா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் தேவாலயக் கல்லில் உங்கள் பெயருக்குக் கீழே பூ வைத்து வந்தவள் நான். செத்தவர் கையெழுத்தில் கனடாவிலிருந்து கடிதம் வந்தால் எப்படி இருக்கும்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பாதிரியார் வீட்டுக்கு ஓடினேன்.

தப்பு எங்களுடையதுதான். போர் முடிந்ததும், விமானம் விழுந்து இறந்தவர்களுக்காகக் கல் வைத்தபோது அப்பா தன் பப்பில் மாட்டியிருந்த உங்கள் ஏழு பேர் படத்தை எடுத்து, பின்னால் நீங்கள் எழுதிய பெயர்களை அப்படியே கல்தச்சரிடம் கொடுத்துவிட்டார். நம் கடையில் குடித்த பையன்களை நமக்குத் தெரியாதா, விமானப்படையை எதற்குக் கேட்பது என்ற திமிர். விமானம் விழுந்த அன்று நீங்கள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், உங்கள் இடத்தில் ஐவர் ப்ரோதரோ என்ற வேல்ஸ் பையன் விமானம் ஏறியதும் யாருக்கும் தெரியவில்லை.

சபைக் கூட்டத்தில் ஒரே கூத்து. மணியடிக்கும் ஆல்ஃப் கிழவர், "கல்லை ஏன்யா கெடுக்குறீங்க? அந்தாளுக்கும் வயசாவுது, கொஞ்சம் பொறுத்தா தன்னால சரியாப் போயிடும்!" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியில் நீங்கள் கேட்டபடியே முடிவாயிற்று. உங்கள் பெயர் போகும், ஐவர் பெயர் வரும்.

நவம்பர் பத்து, போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக அன்று மணி நாக்குகளில் தோலைக் கட்டி மந்தமாகத்தான் அடிப்போம். இந்த வருஷம் ஆராதனை முடிந்ததும் தோலை அவிழ்த்துவிட்டு, நீங்கள் பிழைத்திருப்பதற்காகக் கணீரென்று அடிக்கப் போகிறோம்! மூன்றாம் மணிக்கயிறு என்னுடையது. இப்போதே கை துறுதுறுக்கிறது.

ஆனால் நீங்கள், "என்னைக் கூப்பிடாதீங்க, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பேன்?" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது. காய்ச்சல் வருவது ஒரு குற்றமா?

ஐவரின் அக்கா க்வென் வருகிறார். உங்களைப் பற்றி ஒரு சொல் குறையாக எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "கடைசியா அவன் என்ன பேசினான்? பயந்தானா, சிரிச்சானா?" உங்கள் கட்டிலுக்கு வந்து கையுறையை இரவல் வாங்கிப் போனான் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அவனோடு பறந்த ஆறு பேரும் அவனோடே போய்விட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல உலகத்தில் உங்களை விட்டால் ஆளில்லை.

மாடி அறையில் படுக்கை தயார். நீங்கள் உயிரோடு இருப்பதே எனக்குப் போதும், வால்ட்டர். ஐவரின் அக்காவுக்கு அது போதாது. வந்துவிடுங்கள்.

கடல் தாண்டி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவரும்படி ஜெபிக்கும்,
டோரின் பெல்வுட்