மத்தேயோ கேட்ட கேள்வி

செமிலிங்

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேரன் மத்தேயோவும் கைக்குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், மருந்தும் போட்டுக்கொள்கிறேன், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மாவின் காரியத்துக்கு வர முடியவில்லை என்று நீ இன்னும் அழுவதாக மருமகன் மெசேஜ் அனுப்பியிருந்தார், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு எப்படி விமானம் ஏறுவாய், இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை.

போன ஞாயிறு லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். பேரனுக்குத் தமிழ் வரவில்லையே என்று அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு ஷீலாவிடம் ஸ்பானிஷ் படித்தது உனக்குத் தெரியும். 'பேசியிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன்' என்று சொல்லும் பாடம் வந்தது, அப்லார் என்றால் அப்லாதோ, கொமேர் என்றால் கொமீதோ. அம்மா மீன் அலசிக்கொண்டே, "எல்லாத்துக்கும் ஒரே வாலுதாங்க, ஈஸிலா" என்றாள். அந்த வாரமே நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். அந்த வாலுக்கு அடங்காத சொற்களை நான் தனியாகத்தான் படித்தேன், செய்ததற்கு எச்சோ, பார்த்ததற்கு வீஸ்தோ, சொன்னதற்குத் திச்சோ, வைத்ததற்குப் புவெஸ்தோ. ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டால் ஷீலா, "அதுக்கு ரூல் இல்ல அங்கிள், மனப்பாடம்தான்" என்கிறாள். காலையில் மனதில் நிற்பது குளித்து வருவதற்குள் போய்விடும். இனி எதற்கு என்று புத்தகத்தை மூடுவேன், வீட்டில் சத்தமே இல்லாததால் மறுபடி திறப்பேன்.

அன்று நீ உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். மத்தேயோ பாட்டி எங்கே என்று கேட்டான், நீ இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மொழியில் பொய் சொல்லும் அளவுக்கு எனக்குச் சொல் தெரியாது. பாட்டி இறந்துவிட்டாள் என்பதற்கு 'ஆ மொரீதோ' என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மொரீதோ இல்லை தாத்தா, முவெர்தோ, முவெர்தோ என்று திருத்தினான், நானும் அவன் பின்னாலேயே சொன்னேன். ஷாமளா, உன் அம்மா செத்துப்போனதைப் பிழையில்லாமல் சொல்ல அந்தப் பிள்ளை என்னைப் பழக்கினான். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு, பாட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டான். புவெஸ்தோ. அன்று காலை படித்த சொல், முழுதாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். போனை வைத்தேன், அதன் பிறகு நீ கூப்பிட்டதையும் எடுக்கவில்லை. சிரித்ததற்காக அவனைத் திட்டாதே. ஷீலாவிடம் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். ஜெயகுமார் சித்தப்பாவின் படகில் மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். சாம்பலைத் தண்ணீரில் விட்டேன், போகவில்லை, படகை ஒட்டியே கூட வந்தது, கையால் தள்ளிவிட்டேன். பாட்டி கடலில் இருக்கிறாள் என்று சொல்.

பாரம் தூக்காதே, குளிரில் காதை மூடிக்கொள். பிள்ளைகளோடும் மருமகனோடும் நீண்ட நாள் நன்றாக இரு. மறந்துவிடாதே, நான் தள்ளிவிட்டதை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
இருளப்பன்