கொஞ்சம் பிடித்த ஸ்வெட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் வீடியோவில் நீ அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் நான் செய்த காரியத்துக்கு நீ திட்டியது நியாயம்தான். உன் மாமியார் தன் கையால் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் பிடித்திருக்கிறதா என்று சைகையில் கேட்டார், நானும் ஜெர்மனில் எனக்கு வாயில் நிற்கிற ஒரே வார்த்தையான 'பிஸ்ஷன்' என்பதைச் சொன்னேன். கொஞ்சம் என்று அர்த்தம். அந்த அம்மாள் முகம் காற்றுப்போன பலூன் ஆகிவிட்டது. அர்த்தம் தெரியாமல் சொல்லவில்லை அம்மா, யார் வீட்டில் இன்னும் வேண்டுமா என்று கேட்டாலும், வயிறு காலியாக இருக்கும்போதே கொஞ்சம் போதும் என்று சொல்லிப் பழகிய வாய் இது. நிறையப் பிடித்திருக்கிறது என்றால், பாவம், கண்ணைக் கெடுத்துக்கொண்டு இன்னொன்று பின்ன உட்கார்ந்துவிடுவாரே என்றும் பயம். உன் அம்மா விடுவாளா, கடைக்கு வர்றவங்ககிட்ட ஓயாம பேசுறீங்க, சம்பந்திகிட்ட ஒரு நல்ல வார்த்தை வரலையா என்று பிடித்துக்கொண்டாள். நீ அந்த வீட்டில் வாழ்கிறவள், என்னால் உனக்கு மனக்கசப்பு வரக்கூடாது என்று எனக்கும் தூக்கம் போயிற்று.

அதனால் நிறைய சந்தோஷம் என்பதற்கு 'ஃபீல் ஃப்ராய்ட' என்று போனைப் பார்த்துப் படித்தேன். கடையில் பெயிண்ட் கலக்கும்போதும் ஃபீல், ஃபீல் என்று முணுமுணுத்ததில் நீலம் அதிகமாகக் கொட்டிவிட்டது. வாடிக்கையாளர், அண்ணே நான் சுவருக்குத்தான் கேட்டேன், சமுத்திரத்துக்கு இல்லை என்றார்.

நேற்று நீ வேலைக்குப் போயிருந்தபோது நானே சம்பந்தியம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். இந்த வெயிலில் கழுத்துவரை ஸ்வெட்டர், சத்தம் என்று அம்மா ஃபேனையும் நிறுத்திவிட்டாள். அவரைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. என் நெற்றியைக் காட்டி, சூடா இருக்கா என்கிற மாதிரி விசிறிக் காட்டினார். வியர்வை மூக்கில் சொட்ட 'பிஸ்ஷன்' என்றேன். அந்த அம்மாள் தோள் குலுங்கச் சிரித்தார், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஃபீல் ஃப்ராய்ட ஞாபகம் வந்தது. சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அளவு நாடாவை எடுத்துத் தன் தலையைச் சுற்றிக் காட்டி, என்னையும் அளக்கச் சொன்னார்.

அளவு கொடுத்துவிட்டேன். தொப்பி வரப்போகிறது. தயவுசெய்து இங்கே அடிக்கிற வெயிலைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வியர்வை இன்னும் காயாத
உன் அப்பா