கண்ணாடி இல்லாக் கேமரா

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மாலையில் வாசகர் வட்டத்தின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் மனைவி பானுமதியிடம் சொன்னேன். தண்ணீருக்கு மட்டும் கவலைப்பட்டாள்.

அவளுக்கு எப்படிப் புரியும்? இருபதாம் ஆண்டு மலரை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். குழுப்படத்தில் வலது ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. அது நான். கீழே எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் 'மற்றும் பலர்' என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் பெயர் இல்லாதவன் நான் ஒருவன்தான். பலர் என்பது என் ஒருவனைத்தான்.

எடுத்தவன் அனந்த். என் சித்தப்பா பிள்ளை. அன்றே கேட்டேன். "நீங்கதான் அண்ணா, கடைசி நிமிஷத்துல நகர்ந்துட்டேள்" என்றான். நானா? நான் நகரும் ஆள் இல்லை. மும்பை மாட்டுங்காவில் இதே ஃபிளாட்டில் பிறந்து இதே ஃபிளாட்டில் இருக்கிறேன்.

இந்த முறை கேமரா என் கையில். மலரில் அனந்தின் முழங்கைதான் வரும். வலதா இடதா என்பதை வேண்டுமானால் அவனே தீர்மானிக்கட்டும்.

டிசம்பர் 11, வியாழன்

ஆபீசில் பாலிசி ஃபைல்களைத் தள்ளி வைத்துவிட்டு கேமராக்களைப் பற்றிப் படித்தேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று காம்பேக்ட். உள்ளங்கையில் அடங்கும், லென்ஸைக் கழற்ற முடியாது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலில் தொங்கலாம். மற்றது மிரர்லெஸ். பழைய பெரிய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும், இதில் அது கிடையாது. லென்ஸை மாற்றலாம். கல்யாண வீடுகளில் எடுப்பவர்கள் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கிறார்களாம்.

பானுமதிக்கு விளக்கினேன்.

"கண்ணாடி இல்லைன்னா அதுக்குத் தன் மூஞ்சி தெரியாதே. உங்களுக்குப் பொருத்தம்தான், வாங்கிக்கோங்கோ" என்றாள்.

பிறகு, போகிற போக்கில்: "சின்னதா வாங்கினா நானும் எடுப்பேன். ஹேண்ட்பேக்ல கிடக்கும்."

டிசம்பர் 13, சனி

ஃபோர்ட்டில் ஒரு கடை. ஷகீல் என்று ஒரு பையன், முகத்தைப் பார்த்தவுடனே தமிழில் ஆரம்பித்துவிட்டான். தாராவியில் பிறந்தவனாம்.

"போலோ அங்கிள், ஷாதி, கல்யாணம் எடுக்கவா, டூர் எடுக்கவா?"

வஞ்சம் எடுக்க என்று சொல்ல முடியுமா? "குழுப்படம்" என்றேன். "ஓரத்தில் நிற்கும் ஒருவர் படத்தில் விழக்கூடாது. அதற்கு எது நல்லது?"

"அதுக்கு எதுக்கு கேமரா? போன்லயே எடுத்துட்டு எடிட்ல தூக்கிருங்க. தோ மினிட்."

எடிட்டில் தூக்குவது மோசடி. எடுக்கும்போதே விழாமல் போனால் அது கலை. அவனிடம் அதை விளக்கினேன்.

"யார் அங்கிள் அந்த ஆளு?"

"தம்பி முறை."

"அப்ப மிரர்லெஸ் எடுங்க. ஜூம் லென்ஸ். சொந்தக்காரன வெட்ட காம்பேக்ட் பத்தாது."

வாங்காமல் வந்தேன். அவன் சொன்னதற்காக வாங்கினேன் என்று இருக்கக் கூடாது.

டிசம்பர் 16, செவ்வாய்

காம்பேக்ட். முடிவு செய்துவிட்டேன். எளிமை, அடக்கம், முதுகுவலி இல்லை. பானுமதிக்கும் சந்தோஷம்.

டிசம்பர் 17, புதன்

மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் அனந்த். பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். காம்பேக்ட்! "கைக்கு அடக்கமா இருக்கு அண்ணா. மன்னிக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்."

இவன் யார், என் பெண்டாட்டிக்கு நான் என்ன வாங்கித் தரவேண்டும் என்று சொல்ல?

டிசம்பர் 20, சனி

மிரர்லெஸ் வாங்கிவிட்டேன். கூட ஒரு கை நீள லென்ஸ். வீட்டில் அதை வைக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்யச் சொன்னேன். பானுமதி தன் புடவைகளை எடுத்து எங்கேயோ வைத்தாள். தட்டைத் துடைத்தும் கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

அவளும் விழாவுக்கு வருகிறாளாம். சந்தன நிறத்தில் ஒரு பட்டு எடுத்திருக்கிறாள். "முப்பது வருஷமா உங்க வட்டத்துக்கு காபி போட்டுக் குடுத்திருக்கேன். ஒரு படத்துல விழுந்ததில்லை. இந்தத் தடவை நன்னா எடுங்கோ" என்றாள்.

எடுப்பேன். நடுவில் நிறுத்தி எடுப்பேன்.

ஜனவரி 5, திங்கள்

வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு போட்டேன். அட்மின் நான்தான். தலைவர் பிச்சையா தாராவியில் தோல் வியாபாரம் பார்ப்பவர், போனில் பச்சை பட்டனைத் தவிர எதையும் அழுத்தமாட்டார். அனந்த் குழுவில் இல்லை. தீபாவளி சமயத்தில் என் பதிவில் ஒற்றுப்பிழை காட்டினான், நீக்கிவிட்டேன்.

ஆங்கிலம் கலக்காமல் எழுதினேன்: "விழாவில் குழுப்படம் கண்ணாடி இல்லாக் கேமராவில் எடுக்கப்படும். உறுப்பினர்கள் அதற்கேற்ப வரவும்."

கொஞ்சம் நல்ல உடையில் வரட்டுமே என்றுதான் கடைசி வரி. எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். பத்து வருடத்தில் என் பதிவுக்கு இத்தனை விரல்கள் வந்ததில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

செம்பூர் ஆபிதா மேடம் குழுவில் கேட்டிருந்தார்: "லென்ஸ் போட்டுக்கிட்டா பரவாயில்லையா?"

என்ன கேள்வி இது! "லென்ஸ் இல்லாமல் எப்படி? கட்டாயம் போடவேண்டும்" என்று பதில் போட்டேன். இவர்களுக்கெல்லாம் கேமரா பற்றி என்ன தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

விழா முடிந்தது. நிதானமாக எழுத வேண்டும். கோபமா சந்தோஷமா, தெரியவில்லை.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். நான் போனபோது வாசலில் ஒருவர் தூணுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நாலைந்து பேர் நாற்காலிகளைத் தடவித் தடவி உட்கார்ந்தார்கள். வரவேற்புரை வாசிக்க வேண்டியவர் காகிதத்தை மூக்கில் ஒட்டி வைத்திருந்தார். ஆபிதா மேடம் கண் இரண்டும் சிவந்து தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார். யாராவது தவறிவிட்டார்களா என்று பயந்துபோனேன்.

பிச்சையா என் குரலைக் கேட்டுத் திரும்பினார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

"வந்தாச்சுல்லா சார்வாள்! நீங்க சொன்னபடிக்கு ஒருத்தர் விடாம கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்திருக்கோம். பஸ்சுல ஏறுதேன்னு தண்ணி லாரில ஏறிட்டேன்."

"வீட்டுல வேணாம் வேணாம்னு சொன்னாங்க, நீங்கதான் லென்ஸ் கட்டாயம்னுட்டீங்க" என்றார் ஆபிதா மேடம், கண்ணைத் துடைத்தபடி. "புதுசா வாங்கினது. கண்ணுக்குள்ள எரியுது."

அப்போதுதான் புரிந்தது. கண்ணாடி! நான் கேமராவுக்குள் இல்லாத கண்ணாடியைச் சொன்னேன். இவர்கள் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்கள். முப்பது வருடம் தமிழ் வாசித்த வட்டம்!

சொல்லிச் சிரித்திருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அனந்த் வந்தான். சந்தன நிற ஜிப்பா. மூக்கில் கண்ணாடி. குழுவில் இல்லாதவன், செய்தி போகவில்லை. ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எப்போதுமே அப்படித்தான், எல்லாம் முதலில் புரிந்துவிடும் அவனுக்கு.

"அண்ணா, மிரர்லெஸ்ஸைத்தான் அப்படித் தமிழ்ல எழுதினேளா?"

"இல்லை. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் படத்தில் பளபளக்கும். அதற்காகச் சொன்னேன்."

"சார்வாள், நீங்க மட்டும் போட்டிருக்கிய போல?" என்றார் பிச்சையா. எது தெரியாவிட்டாலும் இது தெரிந்திருக்கிறது.

கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

"அப்போ நானும் கழட்டிடறேன்" என்றான் அனந்த்.

"நீரும் கழட்டினா எங்கள யாருய்யா மேடையில கொண்டு சேக்கது?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் பிச்சையா.

அப்புறம் விழா முழுக்க அனந்த், அனந்த், அனந்த். வரவேற்புரை அவன் வாசித்தான். குத்துவிளக்குக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே பிச்சையாவின் கையை அவன்தான் கொண்டுபோனான். சிறப்பு விருந்தினருக்குப் போடவேண்டிய பொன்னாடையை மைக்குக்குப் போட்டார்கள், அதை எடுத்து அவருக்குப் போட்டதும் அவன்தான். கைதட்டல். எந்தத் திசையில் தட்டுவது என்று தெரியாமல் எல்லாத் திசையிலும் தட்டினார்கள்.

கடைசியில் குழுப்படம். எனக்கும் எதிரே பனிமூட்டம்தான். எல்லோரும் நிறங்களாக நின்றார்கள். பானுமதியை நடுவில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். வலது ஓரத்தில் ஒரு சந்தன நிறம். அங்கேதான் போய் நின்றான், பார்த்தேன், கண்ணாடி போட்டிருந்தால் எவ்வளவு பார்ப்பேனோ அவ்வளவு. பிச்சையா என்னவோ கத்தினார், சலசலப்பு, ஆட்கள் மாறினார்கள். ஆனால் சந்தன நிறம் அதே ஓரத்தில் அப்படியே நின்றது.

ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். சந்தன நிறம் பட்டையாகி, நூலாகி, தேய்ந்தது. அழுத்தினேன். பத்து வருடம்! ரயிலில் ஜன்னலோரம் கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வரும்போது பானுமதி டாக்சியில் கேட்டாள்: "நான் நன்னா விழுந்திருக்கேனா?"

"பிரமாதமாக" என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

நடுவில் அனந்த். பளிச்சென்று, மயிரிழை தெரிகிறது. பிச்சையா அவன் கையை விடாமல் இழுத்து நடுவில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு. வலது ஓரத்தில் ஒரு முழங்கை. வளையல் போட்ட முழங்கை. சந்தனப் பட்டு.

தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "மன்னி, நீங்க இங்க நில்லுங்கோ" என்றிருப்பான்.

ஐயோ. என்ன பண்ணிட்டேன். வேற படமே எடுக்கலையே...

ஜனவரி 20, செவ்வாய்

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீதான் கடைசி நிமிஷத்துல நகர்ந்துட்டே" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"இதையேதான் அனந்தும் சொன்னான் உங்ககிட்ட" என்றாள்.

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மலர் வந்துவிட்டது. வேறு படம் இல்லாததால் அதையே அட்டையில் போட்டிருக்கிறார்கள். கீழே பெயர்கள், கடைசியில் 'மற்றும் பலர்'. அதற்கும் கீழே தடித்த எழுத்தில், படம் என்று என் பெயர். இத்தனை பெரிதாக என் பெயரை எங்கும் பார்த்ததில்லை. மலரைப் பானுமதி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அந்தத் தட்டில் இப்போது புடவைகள்தான் இருக்கின்றன.

பிப்ரவரி 14, சனி

மறுபடி ஃபோர்ட். மிரர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுத்து காம்பேக்ட் வாங்கினேன்.

"தம்பிய வெட்டியாச்சா அங்கிள்?" என்றான் ஷகீல்.

"கைதவறிவிட்டது" என்றேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஃபைவ் கார்டன் பூங்காவில் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தோம். அவள் சந்தனப் பட்டு கட்டியிருந்தாள். நடைப்பயிற்சிக்கு எதற்குப் பட்டு என்று கேட்கவில்லை. எதிரே அனந்த் வந்தான். வரச் சொல்லியிருக்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. ஹேண்ட்பேக்கிலிருந்து காம்பேக்ட்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

என் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் அந்தண்ட நகருங்கோ. இன்னும் கொஞ்சம். இன்னும்."

நகர்ந்தேன்.

"அண்ணா, நில்லுங்கோ, முழங்கைதான் விழறது" என்று கத்தினான் அனந்த்.

"அது போதும். எடு" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

படத்தைப் பிரின்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நன்றாக விழுந்திருக்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஓரத்தில் என் சட்டை மடிப்புக்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்:

பானுமதி மற்றும் பலர்.